வூட்டுப் பேரு கேட்டவருக்கு

பாய்,

நேற்று கலசப்பாக்கத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் கடையில், பேரனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் போட உட்கார்ந்திருந்தேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் இரண்டாவது கட்டத்திலேயே கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"தாத்தா, சர்நேம் இன்னா போடறது?"

"நமக்கு அதெல்லாம் கெடையாதும்மா. இனிஷியல்தான்."

"காலியா வுட்டா வெளிநாட்டுல தகராறு பண்றாங்க தாத்தா. அப்பா பேரையே போட்டுடட்டா?"

பேரன் தலையாட்டினான். அவள் என் மகனின் பெயரை அந்தக் கட்டத்தில் அடித்தாள். அவ்வளவுதான், ஒரு குடும்பப் பெயர் பிறந்துவிட்டது. இனி பேரனின் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும், கலசப்பாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவனின் பெயரைத் தூக்கிக்கொண்டு ஏதேதோ ஊர்களில் திரிவார்கள். அர்த்தம் கேட்டால் என்ன கதை விடுவார்களோ தெரியாது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் நீங்கள். நான் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாம் சந்தித்தது பஸ்ஸில். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பஸ், எழுபதுகளின் கடைசி. கூட்டம் கால் வைக்க இடமில்லாமல் இருந்தது. நீங்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தீர்கள். வெள்ளைத் தொப்பி, மடியில் துணி சுற்றிய நீள நோட்டு ஒன்று. வாணியம்பாடிக்காரர், மலைக்குப் புளி வாங்க வருகிறவர் என்று சொன்னீர்கள். என் பெயரைக் கேட்டீர்கள். சொன்னேன்.

"அது இருக்கட்டும் சார். வூட்டுப் பேரு இன்னா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் நேராகச் சாதி கேட்கக் கூசுகிறவன்தான் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பான். "பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து இருக்குது, அது போதும்" என்றேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. உங்களுடையதைச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள்.

"எங்க வூட்டுப் பேரு மஷால்ச்சி சார். தீவட்டிக்காரன்னு அர்த்தம். ஆற்காட்டு நவாப் பல்லக்குல போறப்ப முன்னாடி தீவட்டி புடிச்சிகினு ஓடனவங்க நாங்க."

"வாணியம்பாடியில எந்த வூட்டக் கேட்டாலும் நவாப் கதைதான் சொல்றாங்க. எல்லாரும் முன்னாடி ஓடிட்டா பல்லக்கத் தூக்கனது யாரு பாய்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீங்கள். தன்னைக் கேலி செய்கிறவனோடு சேர்ந்து சிரிக்கிற மனுஷனிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டே மீதி வளைவுகளை ஏறினேன்.

சந்தேகம் என் கூடப்பிறந்தது பாய். மாவு அரைக்கப் போனால் மில்லுக்காரனையும், மாத்திரை வாங்கப் போனால் கடைக்காரனையும் சந்தேகப்படுவேன். போதாக்குறைக்கு, எனக்குக் கிடைத்த வேலையும் அதற்கென்றே அமைந்தது. அடிவாரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளன். மலைசாதிச் சான்றிதழ் கேட்டு வரும் மனுக்களை விசாரித்து, இவர் உண்மையிலேயே மலைக்காரர்தானா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்மேல்தான் மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். ஜவ்வாது மலைக்காரர்களுக்கு அரசாங்கப் பட்டியலில் மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்பார்கள் சிலர். அவர்களைக் கேட்டால் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பார்கள். சான்றிதழ் இருந்தால் படிப்பில் இடம், வேலையில் இடம் என்று ஆனதும், மலையைத் தூரத்திலிருந்து பார்த்தது தவிர வேறு சம்பந்தமில்லாத சமவெளி ஆட்களெல்லாம் திடீரென்று மலைக்காரர்கள் ஆனார்கள். அவர்களைப் பிடிப்பது என் வேலை.

பிடிப்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வகையறா உண்டு. அதை அவர்கள் பெயரோடு சேர்த்து எழுத மாட்டார்கள், ஆனால் அது தெரியாமல் ஒரு கல்யாணமும் நடக்காது. ஒரே வகையறாவுக்குள் பெண் எடுப்பதில்லை. அதனால் நான் நான்கு கேள்வி கேட்பேன். உன் வகையறா என்ன, யாருக்குப் பெண் கொடுத்தீர்கள், யாரிடம் எடுத்தீர்கள், குலசாமி எங்கே இருக்கிறது. மலைக்காரன் சொல்லிவிடுவான். போலி முழிப்பான். ஜமுனாமரத்தூர் பயணியர் விடுதி வராந்தாவில் மேசை போட்டு, மாதம் இரண்டு நாள் இந்த விசாரணை நடக்கும். என் முறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அந்த வராந்தாவுக்கு நீங்களும் வந்து உட்காரத் தொடங்கினீர்கள். புளி உலுக்கும் இடத்துக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம், திரும்பும்போது பத்து நிமிஷம். டீ வாங்கிக் கொடுப்பீர்கள். பெயர்களைப் பற்றிப் பேசாமல் உங்களுக்கு அந்த டீ இறங்காது. ஜோலார்பேட்டை ரயிலில் ஒரு சட்டைக்காரக் கார்டு, ஆங்கிலோ இந்தியர், இருந்தாராமே, கூப்பர் என்று. "அவங்க ஊரு பாஷையில பீப்பா செய்யறவன்னு அர்த்தம் சார். இவரு ஆயுசுல பீப்பாவுக்கு ஒரு ஆணி அடிச்சதில்ல. பேரு மட்டும் பீப்பா செஞ்சிகினே இருக்குது." தோல் வாங்க பம்பாயிலிருந்து வருகிறவர்களின் பெயர் 'கர்' என்று முடிந்தால், அதற்கு முன்னால் இருப்பது அவர்கள் பாட்டன் ஊர் என்றீர்கள். அதை வைத்தே அவர் கடற்கரை ஆளா, மலை ஆளா என்று சொல்லிவிடலாமாம். தெலுங்குக்காரர்கள் வீட்டுப் பெயரை முன்னால் போடுவதையும், வெள்ளைக்காரர்கள் பின்னால் போடுவதையும், நாம் அதைச் சுருக்கி ஒற்றை எழுத்தாக்கிச் சட்டைப் பையில் ஒளித்துக்கொள்வதையும் சொல்லிச் சிரிப்பீர்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த நீல்சன் நர்சம்மா கதையை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று கணக்கே இல்லை.

"டென்மார்க்கு பொம்பள சார். கல்யாணம்கூட பண்ணிக்கல. பேரு இன்னா? நீல்சு மவன். நான் கேட்டே வுட்டேன், இன்னாம்மா, பொட்டப்புள்ளைய போயி மவன்னு எழுதி வெச்சிக்கீறாங்களேன்னு. அது இன்னா சொல்லிச்சி தெரியுமா? எங்க ஊர்ல பேரு சவம் மாதிரி, அர்த்தம் செத்துப்போயும் தூக்கிகினு போறோம்னிச்சி."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த நீள நோட்டைப் பார்த்தேன். ஒருநாள் நீங்கள் கை கழுவப் போனபோது திறந்தும் பார்த்தேன். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. பக்கம் பக்கமாக வகையறாப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எந்தச் சரிவில் எந்தப் புளியமரம், யார் யார் பங்காளி, யார் சம்பந்தி என்று. தேன்கல் வகையறா, ஊத்தடி வகையறா என்று எழுதி, பக்கத்தில் பெயர் வந்த காரணமும் இருந்தது. பாறையில் தேன் எடுத்தவர்கள், ஊற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் என்று. என் நான்கு கேள்விகளுக்கும் விடை அந்த நோட்டில் இருந்தது.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும், தெரியாதவன் மாதிரி கேட்டேன். "புளி வாங்கறதுக்கு இவ்ளோ எழுத்து எதுக்கு பாய்?"

"ஒரு மரம் ஒரு ஆளுக்குச் சொந்தம் இல்ல சார். ஒரு வகையறாவுக்குச் சொந்தம். தப்பான பங்காளிகிட்ட கேட்டு மரத்த உலுக்கிட்டா வெட்டுகுத்து ஆயிடும். அதான்."

நல்ல பதில்தான். இப்போது நினைத்தால் அதைவிட நேரான பதில் கிடையாது. அன்றைக்கு, சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொரு காரணமும் இருந்தது, அது பொறாமை. அவசரநிலை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. நோட்டோடு எவனாவது மலையேறினால், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வருகிறான் என்று ஆண்கள் சாமைக் கொல்லைக்குள் ஓடி மறைந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை. நான் போனால் நாய் மட்டும்தான் வீட்டில் இருக்கும். உங்கள் கையிலும் நோட்டுதான் இருந்தது. ஆனால் உங்களுக்கு மட்டும் களியும் கீரையும் வைத்து, பாட்டன் பேர், முப்பாட்டன் பேர் எல்லாம் சொன்னார்கள். எனக்குச் சொல்லாததை இவருக்கு ஏன் சொல்கிறார்கள் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் போலிகள் சரியாகப் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

முதலில் ஒருவன், பிறகு இருவர். முகத்தைப் பார்த்தாலே கழனிக்காட்டு ஆள் என்று தெரிகிறது. வகையறா கேட்டால் டக்கென்று சொல்கிறான். பெண் எடுத்த இடம், கொடுத்த இடம், குலசாமி, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் கேள்விகளுக்கான விடைகள் எங்கிருந்தோ வெளியே போகின்றன. எங்கிருந்து என்று நான் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. துணி சுற்றிய நோட்டு என் கண்முன்னே நின்றது.

அந்தப் பெண் வந்தது அப்போதுதான்.

பதினெட்டு வயது. மலையில் படித்து, பிறகு கீழே இறங்கி விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள். அவர்கள் ஊரில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். வேலூரில் துணைச் செவிலியர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பதினைந்து நாளுக்குள் மலைசாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால் இடம், இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். கடிதத்தை மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தாள். கூட அவள் அப்பா. மொட்டைத் தலையில் முடி அரை விரல் வளர்ந்திருந்தது.

"உங்க வகையறா இன்னா?"

அவர் தரையைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன். வராந்தா முழுக்க ஆட்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லக்கூடாதுங்க சாமி. பேர எறக்கி வெச்சிருக்கோம்."

"அப்படின்னா?"

"பெரிய பையன் செத்துட்டானுங்க, போன அறுப்புல. காய்ச்சல். வருச காரியம் ஆகணும். அதுவரைக்கும் வகையறா பேர வாயால எடுக்கமாட்டோம். பேரச் சொன்னா சாமியும் கூடவே வந்து நிக்கும், அதுக்குத் தீட்டுப் பட்டுடும். எங்க ஆளுங்களுக்கு மட்டும் அந்த மொற. காரியம் ஆனதும் தூக்கிக்குவோம்."

"எப்ப காரியம்?"

"இன்னும் மூணு மாசம் கெடக்குதுங்க."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "நீயாவது சொல்லும்மா. படிச்சவதானே?"

"அப்பா சொன்னதுதான் சார். எங்க அண்ணன் செத்துட்டாரு" என்றாள்.

இறக்கி வைத்த பெயரா? பன்னிரண்டு வருஷ சர்வீசில் நான் கேள்விப்படாத சாக்கு. மற்றவனெல்லாம் பாடம் படித்துக்கொண்டு வந்து ஒப்பிக்கிறான், இந்த ஆளுக்குப் பாடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதனால் செத்தவன் பின்னால் ஒளிகிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் பாய். மகனைப் பறிகொடுத்த மனுஷனை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். டீ வாங்கவில்லை. நேராக மேசைக்கு வந்து நோட்டைப் பிரித்தீர்கள்.

"சார், அந்தப் பொண்ணு வூட்டு ஆளுங்கள எனக்குப் பதினஞ்சி வருசமாத் தெரியும். இதோ பாருங்க, அவங்க வகையறா, மேக்கால சரிவுல நாலு மரம். அவங்க வாயால சொல்லக்கூடாதுன்னா நான் சொல்றேன். என் வாய்க்கு இன்னா தீட்டு?"

"ஒங்களுக்கு எதுக்கு பாய் இவ்ளோ அக்கறை?"

"அந்தப் பையன் செத்தப்ப நான் அங்கதான் இருந்தேன் சார். கட்டில்ல போட்டு கீழ தூக்கிகினு வந்தோம். பாதி வழியில போயிட்டான். அப்பதான் இந்தப் பொண்ணு சொல்லிச்சி, நான் நர்சுக்குப் படிச்சிட்டு இங்கயே வந்துடுவேன்னு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்கள் நோட்டைத் திறந்து காட்டியதே எனக்குச் சாட்சியாகிவிட்டது. விடைகளெல்லாம் இவரிடம் இருக்கின்றன, இவரே ஒத்துக்கொள்கிறார், ஒரு மனுவுக்காக வாதாடவும் வருகிறார். இதற்குமேல் என்ன வேண்டும்? "பார்க்கறேன் பாய்" என்றேன். நீங்கள் நம்பிக்கையோடு சலாம் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அன்று மாலை இரண்டு அறிக்கை எழுதினேன். ஒன்று, மனுதாரரால் வகையறாப் பெயரைக் கூற இயலவில்லை, மலைசாதியினர் என்பது ஐயத்துக்குரியது. இன்னொன்று, வெளியூர் வியாபாரி ஒருவர் மலை மக்களின் வகையறா விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கிறார், அவை போலி மனுதாரர்களுக்குப் போய்ச் சேர வாய்ப்பு உள்ளது, அவர் மலைக்கு வருவதை அனுமதிக்கலாகாது. என் கையெழுத்து எப்போதும் முத்து முத்தாக இருக்கும். அன்றும் இருந்தது.

அடுத்த புளிப் பருவத்துக்கு நீங்கள் வந்தபோது செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். காரணம் சொல்லவில்லையாம். நீங்கள் ஒரு மணி நேரம் சாலை ஓரத்தில் நின்றுவிட்டு, எதிரே வந்த லாரியில் ஏறிக் கீழே போனதாக பஸ் டிரைவர் சொன்னான். எனக்கு அப்போது வருத்தம் வரவில்லை. இனிமேல் போலிகள் முழிப்பார்கள், பார்த்துக்கொண்டே இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் முழிக்கவில்லை. முன்னைவிடச் சரளமாகச் சொன்னார்கள்.

ஒரு விசாரணையில், செங்கம் பக்கத்து ஆள் ஒருவன் நான்கு பதிலையும் சொல்லிவிட்டு, நான் கேட்காமலே ஐந்தாவதாக ஒன்று சொன்னான். "எங்க பெரியப்பன் கரடி அடிச்சி செத்தாருங்க, தேன் எடுக்கப் போன எடத்துல." எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அடுத்தவனைக் கூப்பிட்டேன். அவனுக்கும் ஒரு பெரியப்பன், அவரையும் கரடி அடித்திருந்தது. உச்சிவேளைக்குள் அந்த ஒரு கரடி மூன்று பெரியப்பன்களைக் கொன்றுவிட்டது.

அதற்கு முந்தின மாதம்தான் உண்மையான மலைக்கிழவர் ஒருவர், அதே வராந்தாவில், என் மேசை முன்னால் நின்று, தன் பெரியப்பன் கரடி அடித்துச் செத்ததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது எந்த நோட்டிலும் இல்லை. உங்கள் நோட்டு அப்போது செக்போஸ்ட் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நான் தலை நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தேன். விசாரணைக்குக் காத்திருப்பவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்திக் கேட்பதையும், மலைக்காரர்கள் பதில் சொல்வதையும், காலையிலிருந்து வாய் அசைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். எத்தனை வருஷமாக இப்படி நடந்ததோ. பாடம் நடத்தியது நான். ஒருவன் ஒருவனாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் கேட்கலாம் என்று, ஊரையே சந்தேகப்பட்ட எனக்குத் தோன்றவில்லை. வாய் நிறைய விடையோடு வந்தவனுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். முறையை மீறக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே ஆளை, போலி என்று எழுதினேன்.

மறுநாளே புது அறிக்கை எழுதி மேலதிகாரி காலில் விழாத குறையாகச் சான்றிதழில் கையெழுத்து வாங்கினேன். வேலூருக்கு நானே போனேன். பயிற்சி தொடங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது, இடம் அடுத்த பெயருக்குப் போய்விட்டது, அவ்வளவுதான் என்றார்கள். அடுத்த வருஷம் மறுபடி மனு போடலாம் என்றார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மலையேறினேன். பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மணி நேர நடை. அந்த ஊரில் அன்று யாரும் என்னைப் பார்த்து ஓடி ஒளியவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் அங்கே இல்லை. கல்யாணம் ஆகி, இரண்டு மலை தாண்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பாதான் இருந்தார். முடி நன்றாக வளர்ந்திருந்தது. சான்றிதழை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"வேலூரு இல்லேன்னு ஆயிடுச்சி. அப்புறம் வூட்ல வெச்சிகினு இன்னா பண்றதுங்க? காரியம் முடிஞ்சதும் கேட்டு வந்தாங்க, குடுத்துட்டோம்" என்றார். பிறகு நான் கேட்காமலே தன் வகையறாப் பெயரை எனக்குச் சொன்னார். "இப்ப சொல்லலாமுங்க. எழுதிக்கோங்க."

நான் எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் செய்தது இன்னும் கேவலம் பாய். உங்களைத் தடுக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி, நோட்டையும் திருப்பி அனுப்பச் செய்தேன். எழுதியது யார், திருத்தியது யார் என்று எதிலும் வராதபடி பார்த்துக்கொண்டேன். அதற்குள் மேற்குச் சரிவு மரங்களை வேறு ஆள் எடுத்துக்கொண்டான். நீங்கள் மலைக்கு வருவதையே விட்டுவிட்டீர்கள்.

ஆறு வருஷம் கழித்து, எண்பதுகளின் நடுவில், ஒரு கல்யாணத்துக்காக வாணியம்பாடி வந்தவன், விசாரித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். சர்க்கரை உங்கள் காலைத் தின்றிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. செக்போஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அந்தப் பொண்ணு நர்சு ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சி பாய்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

நீங்கள் உள்ளே திரும்பி, உங்கள் வீட்டம்மாவிடம் உருதுவில் உரக்கச் சொன்னீர்கள். எனக்கு அரைகுறையாக அந்த பாஷை புரியும். 'நான் சொல்லவில்லையா, இந்த சார் ஆயிரம் கேள்வி கேட்பார், கடைசியில் சரியாக எழுதிவிடுவார்' என்றீர்கள். அந்தம்மா நல்ல சேதி என்று சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினார்கள். முந்திரி நிறையப் போட்டிருந்தது. நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன்.

"எந்த ஊர்ல வேலை?" என்று கேட்டீர்கள்.

"அமிர்தி பக்கம்."

"நல்ல ஊரு" என்றீர்கள். ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். பிறகு என் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள்.

அடுத்த வருஷமே நீங்கள் போய்விட்டதாக ஆறு மாதம் பிந்தி ஒரு கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரே சந்தேகம் பாய், வேறெல்லாச் சந்தேகமும் அடங்கிப்போன பிறகும் இது ஒன்று அடங்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் துருவாமல் விட்டதில்லை நீங்கள். பீப்பாயே பார்க்காத கூப்பரை அவ்வளவு கேள்வி கேட்ட மனுஷன். கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தீர்களே, அந்தப் பையனின் தங்கை நர்ஸ் ஆகிவிட்டாள் என்றால் எந்த ஆஸ்பத்திரி, யாரைக் கட்டினாள், எத்தனை பிள்ளை, எப்போது மலைக்குப் போவாள் என்று கேட்டிருக்க மாட்டீர்களா? எந்த ஊர் என்ற ஒரு கேள்வியோடு ஏன் நிறுத்தினீர்கள்? மலையிலிருந்து புளி மூட்டை இறங்கும்போது சேதியும் இறங்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு அறிக்கையும் எழுதியது யார் என்பதும் தெரிந்திருக்கும். என் முகத்தைக் காப்பாற்றத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தீர்களா?

அப்படி இருந்துவிட்டால் நல்லது. தெரிந்தே எனக்குப் பாயசம் கொடுத்தீர்கள் என்றால், அந்த அவமானத்தை நான் தாங்கிக்கொள்வேன், எனக்கு வேண்டியதுதான். தெரியாமல், நான் சொன்னதை அப்படியே நம்பி, அந்தப் பெண் வெள்ளை உடுப்பில் எங்கோ ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள் என்றால், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை நம்பியது நீங்கள் ஒருவர்தான்.

அவளுக்கு முதல் பிரசவத்திலேயே பிள்ளை தங்கவில்லை என்று அவள் அப்பா பிறகொரு நாள் சொன்னார். காரணம் கேட்டேன். மலையில் நர்ஸ் இல்லை, கீழே கொண்டுபோக நேரமில்லை என்றார்.

அவள் நர்ஸ் ஆகவில்லை, பாய். நான் ஆகவிடவில்லை.